நீலமாக ஒன்று தெரிகிறதா?

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இந்தக் கிழமை நான் எழுதப்போவது கரண்ட் பற்றி. அதை எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. சாதாரண தரச் சோதனையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். விஞ்ஞான ரீச்சர் கேள்வி கேட்டால் எழும்பி நிற்பேன், வாய் திறக்க மாட்டேன். அவவும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இரும்" என்பா. எனக்கும் விஞ்ஞானத்துக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

ஞாயிறு தோறும் இந்த மூலையில் மீன் சந்தை, பஸ் சீற், மழைக்கு ஒழுகும் தகரம் என்று எதையாவது எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் பொறுமையாக வாசிக்கிறீர்கள். ஆட்களோடு கதைக்க வெட்கப்படுகிறவளுக்கு எழுதுவது ஒரு வசதி — எதிரே முகம் இல்லை. ஆனால் கரண்ட்? படித்த பிள்ளைகள் யாராவது வாசித்தால், பிழை பிடிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. இதில் என் வீட்டுக்காரரும் வருகிறார். எழுதலாமா என்று கேட்டு மெசேஜ் போட்டேன். "ஓம்" என்று பதில் வந்தது. இவரிடம் எதைக் கேட்டாலும் ஓம்தான்... கதையே அதுதான்.

இவர் கப்பலில் வேலை. வெளிநாட்டுச் சரக்குக் கப்பல், இயந்திர அறை. உள்ளே இருக்கும் மெசின்களுக்கு எண்ணெய் போட்டு, துடைத்து, சத்தம் மாறினால் பெரியவர்களுக்குச் சொல்லுகிற வேலை. போனால் ஒன்பது மாதம். கடலிலேயே இருக்கிறார், ஆனால் கடலைக் காண்பது குறைவு. வேலை முடிந்து மேலே டெக்குக்கு வந்தால்தான் வானமே தெரியும் என்பார்.

போன மாதம் இவரிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ்.

"இஞ்சேரும், ஒரு விசயம். எங்கட கப்பல் திருகோணமலைக்கு வருது. ஏதோ மெசின் சாமான் ஏத்தவாம். பின்னேரம் வந்து விடியப் போயிடும். ஆனா இறங்க ஏலாது. ஒருத்தரையும் கரைக்கு விடுறேல்லை எண்டு கப்டன் சொல்லிப்போட்டார்."

குசினி அடுப்படியில் நின்று கேட்டேன். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டும் கேட்டேன். வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். எதற்குக் கதவைச் சாத்தினேன் என்று இன்னும் விளங்கவில்லை.

எங்கள் வீடு திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், சரிவில் இருக்கிறது. மேல் வீட்டில் ஏறி நின்றால் உள் துறைமுகம் முழுக்கத் தெரியும். மேல் வீடு என்றா சொன்னேன்? வீடு இன்னும் இல்லை. பாதி வேலையில் நின்ற படிக்கட்டு, நாலு தூண், தூண்களின் தலையில் வானத்தைப் பார்த்தபடி கம்பிகள். அதைக் கட்டி முடிக்கத்தான் இவர் கப்பலுக்குப் போகிறார். நான் அதில் உடுப்புக் காயப்போடுகிறேன்.

நினைத்துப் பாருங்கள். இவர் ஆபிரிக்காவில் நிற்கிறார் என்றால் மனம் தன்பாட்டில் கிடக்கும். தூரம் என்று ஒரு சாட்டு இருக்கிறது. உடுப்புக் காயப்போடுகிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்து நின்று, உள்ளே வராமல் போனால்? அதற்கு என்ன சாட்டுச் சொல்வது?

மெசேஜ் முடியவில்லை.

"முந்தியும் ஒருக்கா இந்தப் பக்கத்தால போகேக்க ஊர் லைற் தெரிஞ்சுது. எங்கட வீடு எந்தப் பக்கம் எண்டு பாத்தனான். எல்லாம் ஒண்டு மாதிரித்தான் கிடந்துது. அது பரவாயில்லை... மற்றது, இன்னும் ஆறு மாசம் நீட்டச் சொல்லிக் கேக்கினம். கப்பல் அங்க நிக்கேக்க முடிவு சொல்ல வேணுமாம். நீர் என்ன சொல்லுறீர்?"

மாரி தொடங்க வீட்டுக்கு வரவேண்டிய மனுஷன். நீட்டினால் அடுத்த சித்திரைக்கும் இல்லை.

'வேண்டாம், வாங்கோ' — இரண்டு சொல்தானே? தட்டினேன். அழித்தேன். திரும்பத் தட்டினேன். வயது போன நேரத்தில் இதென்ன கூத்து என்று எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் எப்போதும் அனுப்புவதையே அனுப்பினேன்.

"உங்கட விருப்பம்."

அவருக்கு ஓம். எனக்கு உங்கட விருப்பம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே எங்கள் குடும்பம் இவ்வளவு காலமும் ஓடியிருக்கிறது. சண்டை இல்லை. சண்டை பிடிக்க எதையாவது சொல்லியிருக்க வேண்டுமே.

அன்று பின்னேரம் மேலே உடுப்பு எடுக்கப் போனபோதுதான் அந்த யோசனை வந்தது. இந்தக் கம்பியில் ஒரு லைற்றைக் கட்டினால் என்ன? ஊரில் ஒருவரிடமும் இல்லாத மாதிரி ஒன்று. வீடு எதுவென்றாவது தெரிந்துவிட்டுப் போகட்டுமே.

எலக்ரீசியனைக் கூப்பிட்டிருக்கலாம் என்பீர்கள். கூப்பிட்டால் முதல் கேள்வி, "என்னத்துக்கு அக்கா?" புருஷனுக்கு வீட்டைக் காட்ட என்று நான் எப்படிச் சொல்வேன்? வெட்கம் இருக்கிறதே, அது ஆளைப் பல வேலை பழக்கும்.

மேலே பிளக் இல்லை. கரண்ட் போனாலும் எரிய வேண்டும். ஆகவே பற்றரி. பழைய கொம்பியூட்டருக்குத் துணையாக இருந்த யூ.பி.எஸ். பெட்டிக்குள் ஒன்று கிடந்தது. முதுகில் பன்னிரண்டு வோல்ற்று என்று அச்சடித்திருந்தது. அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் தூசி தட்டினேன்.

நிறம்? சிவப்பும் பச்சையும் கூடாது. கலியாணம் கட்டின புதிதில் இவர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், தூரத்தில் போன கப்பலைக் காட்டிச் சொன்னது நினைவிருந்தது — இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, அதை வைத்துத்தான் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வார்களாம். அன்றைக்கு நான் கப்பலைப் பார்க்கவில்லை. காட்டின கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் விஷயம் மனதில் நின்றுவிட்டது. அந்த இரண்டும் கப்பலின் பாஷை. வெள்ளையும் மஞ்சளும் ரோட்டு லைற். மிச்சம் நீலம்.

பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட கபூர் நானாவின் எலக்ரோனிக் சாமான் கடை இருக்கிறது. போய் நின்றேன்.

"என்ன தங்கச்சி வேணும்?"

"நீல... சின்ன எல்.ஈ.டி."

"கேக்கல்ல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"நீலம்."

"நீலமா? என்னத்துக்கு?"

வந்துவிட்டது கேள்வி. "சாமிப் படத்துக்கு" என்றேன்.

"எத்தின?"

"பதினெட்டு."

நானா கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கட சாமி கொஞ்சம் தூரத்துல இரிக்காரோ?"

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சிரித்தார். நான் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கரண்ட் அளக்கிற மீற்றர் வாங்க மறந்து, திரும்பப் போனது வேறு வெட்கம்.

செய்வது எப்படி? போனில் வீடியோ இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஒரு தம்பி, மூச்சு விடாமல் கதைக்கிறார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விஷயம் இவ்வளவுதான்: எல்.ஈ.டி.யை நேரே பற்றரியில் கொடுக்கக்கூடாது. அதற்குத் தன் அளவு தெரியாது. கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டு, கடைசியில் கருகிப்போகும். அதனால் முன்னுக்கு ஒரு ரெசிஸ்டர் — கரண்டை அளவோடு விடுகிற, அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிய துண்டு.

ஒரு நீலத்துக்கு மூன்று வோல்ற்றும் கொஞ்சமும் வேண்டும். மூன்றைக் கோர்த்தால் ஒன்பதரைக்குக் கிட்ட. பன்னிரண்டில் அதைக் கழித்து, மிச்சத்தை ஓடவேண்டிய கரண்டால் பிரித்தால் எந்த ரெசிஸ்டர் என்று வரும். பத்தாம் ஆண்டில் கரும்பலகையில் எழுதினதுதான். அன்று விளங்காத கணக்கு, குசினி மேசையில் கறிக்கு வெங்காயம் வெட்டின கையோடு விளங்கியது. தேவை வந்தால் விளங்கும் போலும். ரீச்சர் அன்றைக்கே, "உன்ர புருஷன் கப்பலில வருவான், இதைப் படி" என்று சொல்லியிருக்கலாம்.

ஐஸ்கிரீம் பெட்டி மூடியில் ஊசியைச் சுடவைத்துத் துளை போட்டு, மூன்று மூன்றாக ஆறு கோர்வை. ஈயம் உருக்கிச் சோல்டர் பிடித்ததில் விரல் இரண்டு இடத்தில் சுட்டது. பற்றரியில் கொடுத்தேன். குசினிச் சுவர் முழுக்க நீலம். கடலுக்கு அடியில் நிற்பது போல் இருந்தது. கதிரையில் இருந்துவிட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி. விடியும் வரை தாங்குமா? இவருக்கு எப்போது வேலை முடியும், எப்போது மேலே வருவார் — ஒன்றும் தெரியாது. இவர் டெக்குக்கு வருகிற நேரம் பார்த்துப் பற்றரி படுத்துவிட்டால்? அதற்குத்தான் மீற்றர். எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று தெரிந்தால், எவ்வளவு நேரம் எரியும் என்று ஒரு கணக்கு வரும்.

வோல்ற்று அளப்பது சுகமாக இருந்தது. இரண்டு கம்பியையும் பற்றரியின் இரண்டு பக்கமும் தொட்டால் எண் வருகிறது. எவ்வளவு நல்ல சாமான் என்று நினைத்தேன். பிறகு கரண்டுக்கான இடத்துக்குத் திருப்பிவிட்டு, அதே போலப் பற்றரியைத் தொட்டேன்.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். மீற்றரில் பூச்சியம்.

எல்.ஈ.டி.யில் தொட்டேன். பூச்சியம். வயரில் தொட்டேன். பூச்சியம். எதிரே பதினெட்டும் சுவரெல்லாம் நீலமாக எரிகின்றன... மீற்றர் ஒன்றும் ஓடவில்லை என்கிறது. யாரை நம்புவது?

மறுபடி கபூர் நானாவின் கடை.

"மீற்றர் பழுது" என்றேன்.

திறந்து பார்த்தார். "மீற்றருக்கு ஒண்டுமில்ல. உள்ளுக்குள்ள பியூஸ் போயிட்டு. என்ன செய்த நீங்க?"

"பற்றரியில வச்சுப் பாத்தனான்."

"கரண்ட் பாக்கவா?" நானா நெற்றியில் அடித்துக்கொண்டார். "வோல்ற்றைத்தான் தங்கச்சி அப்பிடி வெளிய நிண்டு தொட்டுப் பாக்கலாம். கரண்டை ஏலாது. ஓடுற வயரைக் கழட்டணும். கழட்டின ரெண்டு முனைக்கும் நடுவுல மீற்றரப் போடணும். போற கரண்ட் எல்லாம் இதுக்குள்ளால போனாத்தான் இது சொல்லும்."

"அப்ப லைற் நூந்து இருட்டாகிடுமே?"

"கழட்டக்குள்ள நூரும்தான். நூந்து மறுகா எரியும். என்ன பயம்?"

புது பியூஸைப் போட்டுத் தந்தார். படி இறங்கும்போது பின்னால் கேட்டார், "சாமி எப்ப வாறார்?"

திரும்பிப் பார்க்காமல், "வெள்ளிக்கிழமை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நல்ல நாள்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து வயரைக் கழற்றினேன். சுவர் இருண்டது. மீற்றரை நடுவில் போட்டேன். நீலம் திரும்ப வந்தது, கூடவே எண்ணும் வந்தது. நூற்றிருபது மில்லி அம்பியர் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். காட்டினது நூற்றெழுபது.

கணக்குப் பிழையா? திரும்பப் போட்டேன். சரி. பிறகுதான் பற்றரியை அளந்து பார்க்கத் தோன்றியது. பன்னிரண்டு என்று முதுகில் எழுதியிருக்கிறதே தவிர, முழுக்கச் சார்ஜ் ஏறினால் உள்ளே பதின்மூன்றுக்குக் கிட்ட இருக்கிறது. முழுசாக ஒரு வோல்ற்று அதிகம்கூட இல்லை. அந்தக் கொஞ்சத்துக்கே கிட்டத்தட்ட அரைப்பங்கு மேலதிகமாக ஓடுகிறது. ரெசிஸ்டரில் கை வைத்தால் சுடுகிறது.

எனக்கு அது புதினமாகப் படவில்லை. ஏழு மாதமாகச் சும்மா கிடந்த மனது, 'கப்பல் உள்ளே வருகிறது' என்ற ஒரு சொல்லுக்கு என்ன பாடு படுகிறது என்று நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

கொஞ்சம் பெரிய ரெசிஸ்டராக ஆறு வாங்கி மாற்றினேன். நூற்றுப் பதின்மூன்று. சூடும் இல்லை.

கணக்குப்படி விடியும் வரை தாங்கும். ஆனால் பழைய பற்றரியைக் கணக்கு மட்டும் பார்த்து நம்பலாமா? ஒரு பகல் முழுக்க எரியவிட்டுப் பார்ப்போம் என்று, வெளியே தெரியாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தா. வந்தவ அறை வாசலில் நின்றுவிட்டா.

"வசந்தி, உன்ர அலுமாரி ஏன் நீலமா எரியுது?"

"சாமிப் படம்..."

"அலுமாரிக்குள்ளயோ?" கதவைத் திறந்தே விட்டா. என் சீலைகளுக்கு நடுவில் ஐஸ்கிரீம் மூடி. அக்கா அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "உண்மையைச் சொல்லு பிள்ளை. என்ன இது?"

சொன்னேன். வேறு வழி? சொல்லி முடிக்க முகமெல்லாம் சூடாகிவிட்டது. அக்கா கட்டிலில் இருந்துவிட்டா.

"இவ்வளவு பாடுபடுறதுக்கு, வாயால சொன்னால் என்ன? 'நீட்டாதேங்கோ, வாங்கோ' எண்டு."

"அவருக்கு என்ன விருப்பமோ..."

"உனக்கு என்ன விருப்பம்? அதை ஆர் சொல்லுறது, நானோ?"

நான் அலுமாரிக் கதவைச் சாத்தினேன். அக்கா கறிவேப்பிலையை மறந்து வாசல் வரை போனவ, திரும்பி வந்தா.

"கட்டுறதைக் கட்டு. ஆனா சிமிட்டுற மாதிரி வையாதை. அந்தச் சண்டை நாளையில இந்தச் சரிவில ஒரு டோர்ச் அடிக்கப் பயந்த சனம் நாங்கள். துறைமுகத்தைப் பாத்து லைற் சிமிட்டினா இண்டைக்கும் ஆரும் வந்து கேப்பினம். 'என்ர புருஷனுக்கு' எண்டு சொல்லுவியோ? உனக்கு என்னட்டைச் சொல்லவே ஏலாமக் கிடக்கு."

உண்மைதான். எரிந்தால் எரிந்தபடி இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பொழுதுபட அளந்து பார்த்தேன். பற்றரி பன்னிரண்டுக்கு மேலே நின்றது. தாங்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. கப்பலும் வந்தது.

கறுப்பு உடம்பு, வெள்ளைத் தலை. மெதுவாக, மிக மெதுவாக உள்ளே வந்தது. மேல் வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த இரும்புக்குள் எங்கேயோ அடியில் இவர் நிற்கிறார், எண்ணெய்க் கையோடு. ஊருக்குள் வருகிறோம் என்று தெரியும், ஊர் தெரியாது. கையை ஆட்டலாமா என்று நினைத்தேன். யாருக்கு?

வழக்கமாகக் கப்பல்கள் நிற்கிற இடத்தைப் பார்த்து மூடியைக் கம்பியில் கட்டிவைத்திருந்தேன். நன்றாக இருட்டினதும் வயரைக் கொடுத்தேன். கடல் காற்றுக்கு மூடி படபடவென்று அடித்தது. கீழே இறங்க மனமில்லை. சீமெந்துத் தரையில், காய்ந்த உடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன்.

போன் அடித்தது. இங்கேயே நிற்பதால் உள்ளூர் சிக்னல். குரல் பக்கத்து அறையில் கேட்கிற மாதிரி இருந்தது.

"இஞ்சேரும். இப்பதான் மேல வந்தனான். டெக்கில நிக்கிறன்."

இவ்வளவு நாளாக இதற்குக் காத்திருந்தவள் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

"சாப்பிட்டீங்களா?"

"ஓம்."

போனுக்குள் காற்றுச் சத்தம். அங்கேயும் அதே காற்று.

"மேல் வீட்டில ஒரு லைற் கட்டியிருக்கிறன். நீலமா ஒண்டு தெரியுதா?"

"ஓம், தெரியுது. நல்ல வடிவாயிருக்கு."

 எழும்பி, கப்பலின் விளக்குகளையும் என் மூடியையும் மாறி மாறிப் பார்த்தேன். பார்த்தபோதுதான் விளங்கியது. கப்பல் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை, நன்றாக இடது பக்கம் தள்ளி நின்றது. இந்தச் சின்ன எல்.ஈ.டி. நேரே மட்டும்தான் வெளிச்சம் அடிக்கும். பக்கத்துக்குப் போகிற கொஞ்சம் தூரத்துக்கு எட்டாது. மூடி வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. இவர் நிற்கிற இடத்திலிருந்து நீலம் தெரிய வழியே இல்லை.

ஆனால் தெரிகிறதாம். வடிவாக வேறு இருக்கிறதாம்.

கோபப்படுவதா, சிரிப்பதா? கலியாணம் கட்டின புதிதில் சீனிக்குப் பதில் உப்புப் போட்ட பாயாசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்ற மனுஷன் இவர்.

ஒன்றும் சொல்லாமல் கட்டை அவிழ்த்து, மூடியைக் கப்பலின் பக்கம் நேரே திருப்பிக் கட்டினேன்.

"இப்ப தெரியுதா?"

"ஓம். தெரியுது."

அதே குரல். அதே ஓம். முதல் ஓமுக்கும் இந்த ஓமுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உண்மையில் தெரிகிறதா, என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறாரா... எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தனை வருஷமாக அவர் ஓம் என்பதையும் நான் உங்கட விருப்பம் என்பதையும் வெளியே நின்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். எண் ஏதோ வந்தது. உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"கப்டனுக்கு முடிவு சொல்லிட்டீங்களா?"

"இல்லை. விடியமுன்னம் சொல்ல வேணும். நீர்தானே என்ர விருப்பம் எண்டனீர். நீட்டுவம் எண்டுதான் யோசிக்கிறன். நீட்டினா மேல் வீட்டுக்குக் கூரையைப் போட்டிடலாம். பிறகு யன்னலுக்கு..."

யன்னலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார். என் கை பற்றரிக்குப் பக்கத்தில் இருந்தது. சிமிட்டாதை என்ற அக்காவின் குரல் காதில் நின்றது. ஒரு தரம் நூர்த்தால் சிமிட்டினதாகுமா?

வயரைக் கழற்றினேன்.

"...தேக்கு வேண்டாம், அலுமினியத்தில போட்டா உப்புக் காத்துக்கும் நல்..."

பேச்சு நின்றது.

"இஞ்சேரும்."

வயர் முனை என் கையில் இருந்தது. 

"இஞ்சேரும், லைற் நூந்து போச்சு. என்ன நடந்தது? ஏன் கதைக்கிறீரில்லை? ஓரத்தில நிண்டு விழுந்திட்டீரே? அந்தப் பக்கம் சுவர் இல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்... வசந்தி. வசந்தி, கேக்குதா?"

இவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கனகாலம். கடைசியாக எப்போது என்று நினைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

வயரைக் கொடுத்தேன். இருட்டில் உடனே பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. சீமெந்துத் தரை, தூண், காய்ந்த உடுப்பு — எல்லாம் திரும்ப நீலமாகின.

அந்தப் பக்கத்தில் இவர் மூச்சு விட்டது கேட்டது.

"விழேல்லை" என்றேன். "நான்தான் கழட்டினனான்."

"ஏன்?"

சுற்றிவந்தால் இதுவும் அக்கா கேட்ட கேள்விதான், உனக்கு என்ன விருப்பம் என்று. ரீச்சர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் போல, எழும்பி நிற்கத்தான் தெரிந்தது. நின்றுகொண்டிருந்தேன். எதிரே முகம் இல்லை. இருட்டில் நாலைந்து விளக்குகள்தான், அதில் ஒன்றுக்குக் கீழே இவர். எழுதுவது போலத்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீட்ட வேண்டாம்" என்றேன். "வாங்கோ."

ஓம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாயாசத்துக்கும் ஓம் சொன்ன மனுஷன், இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கப்பலின் உறுமல் மட்டும் போனுக்குள்ளால் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ தூரத்தில் இவரைக் கூப்பிட்டார்கள்.

"அந்த லைற்றை நூக்காதையும்" என்றார். போன் வைபட்டது.

நூர்க்கவில்லை. கீழே போய்ப் பாயை எடுத்து வந்து மேலேயே இருந்தேன். யாரும் வந்து கேட்கவும் இல்லை.

அடுத்த நாள் விடிந்தபோது கப்பல் நின்ற இடம் வெறும் தண்ணீராக இருந்தது. போனில் ஒரு மெசேஜ் கிடந்தது: "நீட்டேல்லை எண்டு சொல்லிட்டன்." லைற் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் நீலம் தெரியவில்லை. பற்றரியை அளந்தேன் — பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே. கழற்றிக்கொண்டு போய்ச் சார்ஜில் போட்டேன்.